கல்லாப்பெட்டிக்கு ஏழு காவக்காரன்

வாங்கு அப்பு, தாராளமா வாங்கு. விக்க வந்த அந்தத் தம்பி லேப்டாப்பைத் திறந்து காட்டுனானே, ஏழு சாப்ட்வேர், அதுல ஒண்ணைக்கூட விட்டுடாதே. கணக்குக்கு ஒண்ணு, சரக்குக்கு ஒண்ணு, பில் போட ஒண்ணு, வாடிக்கையாளரைக் கவனிக்க ஒண்ணு, சம்பளத்துக்கு ஒண்ணு, ஆன்லைன்ல விக்க ஒண்ணு, இந்த ஆறையும் கட்டி மேய்க்க ஈ.ஆர்.பி.ன்னு ஒரு பெரியண்ணன். செக்காலை ரோட்டுல பத்துக்குப் பன்னெண்டு கடை, பின்னாடி மூணு அடுப்பு, வேலைக்கு நாலு பேரு, அதுல ஒருத்தன் உன் மச்சினன். இம்புட்டுக்கு ஏழு சாப்ட்வேர்னா கல்லாப்பெட்டிக்கு ஏழு காவக்காரன் போட்ட மாதிரிதான். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் யாரும் கேக்கப்படாது.

ஐயாவுக்குக் கம்ப்யூட்டர்னாலே ஆகாதுன்னு உங்கப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரியுறான். அவன் பேச்சைக் கேக்காதே. வியாபாரக் கணக்குக்குன்னு கம்ப்யூட்டரை முதமுதல்ல வேலைக்கு வச்சவன் யாரு தெரியுமா? டீக்கடைக்காரன். லண்டன்ல ஜே. லயன்ஸ்னு ஒரு கம்பெனி. ஊர் பூராத் தேநீர்க் கடை, ரொட்டி, கேக்குன்னு பெரிய வியாபாரம். அவுகளே ‘லியோ’ன்னு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, 1951 நவம்பர்ல ரொட்டி சுடுற கணக்கை அதுல ஏத்திட்டாக. 1954-ல ஆளுக சம்பளமும் அதுலதான். ராக்கெட் விடுறதுக்கில்ல அப்பு, பன்னுல என்ன செலவு, என்ன மிச்சம்னு பாக்குறதுக்கு. அதனால முறுக்குக் கடைக்குக் கம்ப்யூட்டரான்னு எவனாச்சும் சிரிச்சா, பன்னுக்கு ஆகுறது மனகோலத்துக்கு ஆகாதான்னு திருப்பிக் கேளு. என்ன, அவுககிட்ட மொதல்ல கேள்வி இருந்துச்சு, அப்புறம் மெஷின் வந்துச்சு. உங்கிட்ட மெஷின் வந்துருச்சு. கேள்வி எந்த பஸ்ல வருதோ.

கணக்குலயிருந்து ஆரம்பிப்போம், எனக்குத் தெரிஞ்ச தொழிலு அது. டேலி எப்படிப் பொறந்துச்சுன்னு நீதான் செல்லுல படிச்சுக் காட்டுன. பெங்களூர்ல ஷ்யாம் சுந்தர் கோயங்கான்னு ஒரு வியாபாரி, தன் கணக்கைப் பாக்கத் தோதான சாப்ட்வேர் ஒண்ணும் சிக்கலைன்னாரு. மகன் பரத் கோயங்கா உக்காந்து எழுதிக் கொடுத்தாரு. 1986-ல கம்பெனி. எனக்கு இதுல சாப்ட்வேர் பெரிய அதிசயமாத் தெரியலை. அப்பன் சொன்னதை மகன் கேட்டான் பாரு, அதுதான்.

நகரத்தார் வீட்டுப் பட்டாலையில பெட்டியடிக்கு முன்னால உக்காந்து நான் கணக்கெழுதுன காலத்துல பெரியவுக ஒரு முறை வச்சிருந்தாக. ரொக்கம் வந்தது போனது சிட்டையில ஏறும். சிட்டையிலயிருந்து பேரேட்டுக்குப் போகும், ஆளுக்கொரு பக்கம், பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம். கடைசியில ஐந்தொகை எடுத்தா, கடை நிக்குதா படுத்துருச்சான்னு ஒரே தாள்ல தெரியும். அதுக்கும் முந்தின தலைமுறையில பொடிப்பயலுக்கு முந்திரி வாய்ப்பாடே பாடம். முந்திரின்னா ஒண்ணை 320 கூறு போட்டு அதுல ஒரு கூறு. அதை வாயாலயே பெருக்கி வட்டி சொல்லுவானாம். உடனே ‘நம்மாளுக அன்னைக்கே கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சுட்டாக’ன்னு குடும்ப வாட்ஸப்புல போட்றாதே. ஒண்ணையும் கண்டுபிடிக்கலை. அன்னன்னைக்குக் கணக்கை அன்னன்னைக்கே எழுதுனாக, ரொக்கத்தை எண்ணி ஏட்டோட ஒத்துப் பாத்துட்டுத்தான் சாப்பாட்டுக்கு எந்திரிச்சாக. நீ ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறி தின்னுட்டு, ஒரு வாரத்து வியாபாரத்தை யோசிச்சு யோசிச்சு டைப் அடிக்கிறே. அந்த டேலி பாவம், நீ சொல்றதை நம்பித்தான் ஆகணும்.

அப்புறம் அந்த மச்சினன் விவகாரம். கல்லாவுலயிருந்து ஐநூறு எடுக்குறான், பெட்ரோலுங்கிறான். நீ எடுக்குற, பொண்டாட்டிக்குப் பூவுங்கிற. எந்தக் கணக்கு சாப்ட்வேரைத் திறந்தாலும் ‘டிராயிங்ஸ்’னு ஒரு தலைப்பு போட்டுக்கலாம், முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்ததுக்கு. உன் கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கம் பூசை அறை மாதிரி சுத்தமா இருக்கு. பெட்டியடியில முதலாளி தன் கைச்செலவுக்கு எடுத்தாலும் அவுக பேர்ல பற்று எழுதித்தான் கொடுப்போம். எழுதும்போது அவுக முகத்தைப் பாக்க மாட்டோம், அதான் மரியாதை. சாப்ட்வேருக்கு அந்தக் கூச்சம் கிடையாது, அந்த மட்டுக்கும் அது நம்மைவிட உசத்தி. நீ பயன்படுத்திக்க மாட்டேங்கிற.

அந்தத் தம்பிகிட்ட நீ காதோட காதா ஒண்ணு கேட்டியே, நேத்துப் போட்ட பில்லைச் சத்தமில்லாம அழிக்க முடியுமான்னு. எனக்குக் காது மந்தம்தான், இந்த மாதிரிப் பேச்சு மட்டும் கேட்டுரும். 2023 ஏப்ரல் 1-லயிருந்து கம்பெனிச் சட்டத்துல பதிஞ்ச கம்பெனிகளுக்கு ஒரு விதி வந்துருச்சு. கணக்கு சாப்ட்வேர்ல எதை எப்ப மாத்துனாலும் அதோட தடம் பதியணும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் கூடாது. உன்னுது கம்பெனி இல்ல, ஒத்தை ஆள் கடை, அந்த விதி உன்னைத் தொடாது. அதனால நீ தாராளமா அழிக்கலாம். அழிச்சுட்டு, ஆறு மாசம் கழிச்சு வரி ஆபீசர் கேக்கும்போது, எதை அழிச்சோம்னு நெனப்பு வச்சுக்க வேறொரு சாப்ட்வேர் வாங்கிக்க. எட்டாவது.

பில் போடுறது பத்திச் சுருக்கமாச் சொல்லிடுறேன். 2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்த பிறகு, ரசீதுப் புஸ்தகத்துல கார்பன் வச்சு எழுதிக்கிட்டே இருக்கலாம்கிற ஆளுக குறைஞ்சுட்டாக. சரக்கு விக்கிறவுகளுக்கு வருசத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு வேணாம்னு இருக்கு, அதைச் சொல்லிக்கிட்டு நீ சாஞ்சு உக்காந்திருக்க. பெங்களூருக்கு ரெண்டு டப்பா சீப்புச் சீடை வித்தா வெளிமாநில வியாபாரம், அந்த 40 லட்சம் உனக்குக் குடை பிடிக்காது. ஆன்லைன் கடைக்குப் படம் எடுக்குறதுக்கு முந்தி இதை ஒரு ஆடிட்டர்கிட்ட கேளு. படம் அப்புறம் எடுக்கலாம், சீடை எங்கயும் ஓடாது.

சரக்குக் கணக்குலதான் எனக்கு மெய்யாலுமே ஆசை. உன் கடையில ஓட்டை இருக்கிற இடம் அதுதான், ஏழுல அதுதான் உருப்படி. பலகாரத்துக்கு ஆயுசு கம்மி. அதிரசம் ஒரு கணக்கு, தேன்குழல் ஒரு கணக்கு. நீ புதுசாச் சுட்டதை முன்னால அடுக்குற, பழசு பின்னாடி போயிருது, காறல் வாடை அடிச்ச பிறகு வெளிய வருது. சரக்கு சாப்ட்வேர் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு பேட்ச் எண் போட்டு, இது இன்ன தேதிக்குள்ள போகணும், முதல்ல சுட்டதை முதல்ல வில்லுன்னு சொல்லும். இதுக்குக் காசு கொடுக்கலாம்.

ஆனா அந்தத் தம்பி உங்க அப்பத்தாகிட்ட மாட்டுனதைப் பாத்தியா? ஒரு கிலோ சீடைக்கு என்னென்ன சாமான், எத்தனை கிராம்னு தாளும் பேனாவுமா உக்காந்தான். ‘பில் ஆஃப் மெட்டீரியல்’னான். அவ கருவாட்டுக்கு விலை கேக்குற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, வெண்ணெய் எம்புட்டுன்னா, மாவைப் பிடிச்சாப் பிடிபடணும், விட்டா உதிரணும், அம்புட்டுன்னா. உப்பு? மூணு விரலு. தேங்காப்பால்? தளர இருந்தாப் போதும். அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம் அளவுங்கிற இடத்துல ‘பிடி’ன்னு அடிச்சான். நேத்து நான் எட்டிப் பாத்தேன் அப்பு, உன் கடையில வெண்ணெய் இருப்பு 46 பிடின்னு காட்டுது. யாரோட பிடி? அப்பத்தா கையா, உன் மச்சினன் கையா? மச்சினன் கைன்னா அந்தச் சரக்கு ஏற்கெனவே தீந்து போச்சு.

ஒரு நாள் அடுப்படியில தராசை வையி. அவ எடுக்குற ஒவ்வொரு பிடியையும் கிண்ணத்துல வாங்கி நிறுத்து, நோட்டுல எழுது. ‘என்னை வேவு பாக்குறியா’ன்னு ஏசுவா, ஏசட்டும். ஒரு வாரம் இப்படி எழுதுனா கிலோவுக்கு அடக்கம் என்னன்னு கைக்கு வந்துரும். சீப்புச் சீடையில லாபமா நட்டமான்னு உனக்கு இன்னை வரைக்கும் தெரியாது. லயன்ஸ் கம்பெனிக்காரன் பன்னுக்குக் கேட்டானே, அந்தக் கேள்விதான் இது.

கல்யாண வீட்டுச் சாமான் கணக்குப் பாத்திருக்கியா நீ? உன் காலத்துல எல்லாம் மண்டபம், வாடகைப் பாத்திரம். அப்பல்லாம் பொண்ணுக்குக் கொடுக்குற சாமானைப் பரப்பி வச்சு, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மரச்சாமான், கூடை, தடுக்குன்னு கரண்டி வரைக்கும் பட்டியல் எழுதுவோம். ஒவ்வொரு பாத்திரத்துலயும் வீட்டு விலாசத்தை எழுத்தா வெட்டியிருக்கும். இன்னைக்கு அதே பாத்திரமெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடையில அடுக்கியிருக்கு. விலாசம் பளிச்சுன்னு தெரியுது. பார்கோடு ஒட்டிட்டா சாமான் வாசலைத் தாண்டாதுன்னு அந்தத் தம்பி சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு, வெத்தலை வாயில இருந்ததுனால தப்பிச்சேன்.

வாடிக்கையாளர் உறவு மேலாண்மையாம். சொந்தக்காரன் உறவையே மேலாண்மை பண்ண முடியாம ஒரு கல்யாணத்துல ரெண்டு பந்தி தள்ளி உக்காந்த குடும்பம் நம்முது. சரி, அதையும் குறை சொல்லலை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில உக்காந்து ஜோஹோக்காரவுக உலகத்துக்கே இந்த மாதிரி சாப்ட்வேர் எழுதுறாக. 1996-ல ஸ்ரீதர் வேம்பு கூட்டா ஆரம்பிச்சப்ப அட்வென்ட்நெட்டுன்னு பேரு, 2009-ல ஜோஹோ ஆச்சு. அம்புட்டுத் தொலைவு போகத் தெரிஞ்சது தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு. நீ என்னடான்னா அதை வாங்கி, எல்லாருக்கும் பொறந்தநாள் வாழ்த்து அனுப்பப் போறேங்கிற. சிங்கப்பூர்ல இருக்கிற ஆச்சிக்குக் காலங்காத்தால கேக் படம் போனா பலகாரம் வாங்குவாகளா? அதுகிட்ட கேக்க வேண்டியது ஒண்ணுதான்: போன தீவாளிக்கு வாங்கி, இந்தத் தீவாளிக்கு வாங்காதவுக யாரு? அந்தப் பட்டியலை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா நீயே போன் போடு. முறுக்கு நமத்துப் போயிருந்துச்சு தம்பின்னு ஒருத்தர் சொல்லுவாக பாரு, அதைச் சொல்ல அந்த சாப்ட்வேருக்கு வாய் கிடையாது.

சம்பள சாப்ட்வேரை விட்டுத் தள்ளு. அந்தக் காலத்துல நகரத்தார் கடைக்காகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஏஜெண்டுக்கு மூணு வருசக் கணக்கு. சம்பளம் இம்புட்டுன்னு சீட்டு எழுதி, ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்து, லாபம் வந்தா அதுலயும் கொஞ்சம். பெட்டியடிப் பையனாச் சேந்தவன் அடுத்தாளாகி மேலாளா உசருவான். கடல் தாண்டிக் கிடக்குறவனுக்கே ஒரு சீட்டுல முடிஞ்ச காரியம் அது. பி.எஃப். சட்டம் 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துக்கு. உனக்கு நாலு பேரு. மச்சினனை ஆளாக் கணக்குல எடுத்தா நாலு.

ஈ.ஆர்.பி. பத்தி ஒரு வார்த்தை. ஜெர்மனியில ஐ.பி.எம்.மை விட்டு வந்த அஞ்சு பேரு 1972-ல ஆரம்பிச்ச எஸ்.ஏ.பி. கம்பெனி இதுல பேர் போனது. ஒரு இடத்துல ஒரு தடவை எழுதுனதை, கொள்முதல்காரன், கிடங்குக்காரன், விக்கிறவன், கணக்கெழுதுறவன் எல்லாரும் பாக்கணும். ஒருத்தன் எழுதுறது இன்னொருத்தனுக்குத் தெரியாமப் போனா பெரிய கம்பெனி நாறிப்போகும். நல்ல ஏற்பாடு, குத்தமே சொல்ல முடியாது. உன் கடையில கொள்முதலும் நீதான், கிடங்கும் நீதான், கணக்கும் நீதான். நீ எழுதுறது உனக்கே தெரியாமப் போற நாள் வந்தாச் சொல்லு, வாங்கலாம்.

எக்செல்லே போதும்னு உன் கூட்டாளி சொன்னானாம். பாதி நிசம். 1979-ல விசிகால்க்னு அந்தக் கட்டம் போட்ட தாள் வந்த நாள்லயிருந்து சின்ன வியாபாரிக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருந்தது மாறிப்போச்சு. மீதிப் பாதியையும் கேட்டுக்க. 2012-ல லண்டன்ல ஜே.பி. மார்கன் பேங்குக்காரவுக 600 கோடி டாலருக்கு மேல விட்டாக. அபாயம் எம்புட்டுன்னு பாக்குற கணக்கை எக்செல்ல கையால வெட்டி ஒட்டி வச்சிருந்தாக. சராசரியால வகுக்க வேண்டிய இடத்துல கூட்டுத்தொகையால வகுத்துட்டாக. அதனால அபாயம் உள்ளதைவிடச் சின்னதாத் தெரிஞ்சுச்சுன்னு அவுகளே விசாரிச்சு 2013-ல எழுதி வச்சாக. நட்டத்துக்கு அது ஒண்ணே காரணமில்ல, பந்தயம் கட்டுனவன் கட்டுனதுதான். ஆனா தாள் பொய் சொல்லுச்சு, படிச்சவுக நம்புனாக.

உனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த டாஷ்போர்டு. வட்டம் வட்டமாக் கலரு, பச்சை அம்பு மேல போகுது, நீ வாயைப் பொளந்து பாக்குற. அதுக்காகவே உனக்கு ஒரு கணக்குச் சொல்றேன், புஸ்தகத்துல உள்ள கணக்கு. கீழ் பர்மாவுல நெல்லு விளையுற 13 பெரிய மாவட்டம். 1930-ல அங்கத்த சாகுபடி நிலத்துல நூத்துக்கு 6 பங்கு, வட்டிக்குக் கொடுத்த செட்டியார்மார் கையில. 1938-ல நூத்துக்கு 25 பங்கு. எட்டே வருசம். உன் டாஷ்போர்டுல இதைப் போட்டுப் பாரு, அம்பு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகும். சேல்ஸ் பையன் கை தட்டுவான்.

அந்த எட்டு வருசம் என்ன நடந்துச்சு தெரியுமா? நெல்லு விலை விழுந்துச்சு. கடன் வாங்குன பர்மாக்காரனால வட்டியும் கட்ட முடியலை, முதலும் கட்ட முடியலை. ரொக்கத்துக்குப் பதிலா நிலம் வந்துச்சு, வேண்டாம் வேண்டாம்னாலும் வந்துச்சு. வட்டிக் கடைக்காரனுக்குப் பணம் ஓடிக்கிட்டே இருக்கணும். அது போயி வயக்காட்டுல சேறாக் கிடந்துச்சு. ரங்கூன் மொகல் தெரு கோயில்ல மாசத்துக்கு ஒருக்கா கூடி, நடப்பு வட்டி இதுன்னு பேசி முடிவு பண்ணுன ஆளுக அவுக, மூளையில குறைச்சல் கிடையாது. கணக்கும் தப்பா எழுதலை. ஏடு பூரா சொத்து ஏறிக்கிட்டே போச்சு, பெட்டி காஞ்சுக்கிட்டே வந்துச்சு. நிலத்தைப் பிடுங்க வந்த அன்னியன்னு பேரு வேற. 1942-ல ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள வந்தான், கிடைச்ச வழியில ஆளுக ஊரு வந்து சேந்தாக. சண்டை முடிஞ்சு சுதந்திரம் வாங்குன பர்மா 1948-லயே நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டுச்சு.

அதனால டாஷ்போர்டுல சொத்து எம்புட்டு, விற்பனை எம்புட்டுன்னு பாக்காதே. யார் யாரு பாக்கி, எத்தனை நாளாப் பாக்கின்னு ஒரு அறிக்கை எல்லா கணக்கு சாப்ட்வேர்லயும் வரும். 30 நாள், 60 நாள், 90 நாளுன்னு பிரிச்சுக் காட்டும். கலரா இருக்காது. போன தையில நாலு கல்யாண வீட்டுக்குச் சீர்ப் பலகாரம் கடனுக்குக் கொடுத்தியே, அது உன் விற்பனைப் படத்துல பெரிய கோபுரமா நிக்குது. இந்த அறிக்கையில 90 நாளுக்கு அங்கிட்டு உக்காந்திருக்கு. சொந்தக்காரவுக, எப்படிக் கேக்குறதுங்கிற. அதுக்கு சாப்ட்வேர் இல்ல அப்பு. நான் வேணா அவுக வீட்டுத் திண்ணையில போயி உக்காந்து மோர் கேக்குறேன். மூணாவது நாள் மோர் கேட்டா கொடுத்துருவாக.

எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்கும்னு அந்தத் தம்பி மேலே கையைக் காட்டுனான். பர்மாக் கணக்கு நகலும் ஊருக்கு ஒழுங்கா வந்துகிட்டுத்தான் இருந்துச்சு. ஏடு பிழைச்ச அளவுக்கு நிலம் பிழைக்கலை. ஆனாலும் நகல் வேணும், அது இல்லாட்டி எவ்வளவு போச்சுன்னு அழக்கூட அளவு தெரியாது. அவன்கிட்ட மூணு விசயம் கேளு. நாளைக்கு நான் உன்னை விட்டுப் போனா என் கணக்கைப் பூரா எந்த வடிவத்துல கையில கொடுப்ப, எக்செல்லயா, இல்ல உன் சாப்ட்வேர் மட்டும் படிக்கிற மொழியிலயா? வருசச் சந்தா அடுத்த வருசமும் இதே தொகைதானா, எழுத்துல தருவியா? டெமோவை உன் மாதிரிக் கணக்குல காட்டாம, என் போன மாசத்துப் பில்லை வச்சுக் காட்டுவியா? மூணாவதுக்கு அவன் தண்ணி குடிப்பான், பாத்துக்க.

திங்கக்கிழமை சந்தைக்குப் போகுமுன்ன வரச் சொல்லு, நானும் இருக்கேன். கணக்கும் சரக்கும் மட்டும் ஆறு மாசத்துக்கு எடு, மத்த அஞ்சையும் ‘ஐயாகிட்ட கேட்டுச் சொல்றேன்’னு என் தலையில கட்டிவிடு, கிழவனுக்கு வேற என்ன வேலை. ‘ஆயுள் சந்தா, ஒரே தடவை கட்டுனாப் போதும்’னு ஒரு காகிதம் நீட்டுனானே, அதை மட்டும் நானே விசாரிக்கணும். யாரோட ஆயுளு? உன்னுதா, அவன் கம்பெனியோடதா? என்னுதுன்னா, பாதி விலைக்குக் கேளு.